முடி நடவு: நீங்க கேட்டதுக்கு மிஸ்ஸி அக்கா சொல்றேன்

சுங்கை சிப்புட்டுக்கு திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கோயில்ல பாத்தாலும் சரி, பாசார் மாலாம்ல காய் வாங்கும்போது பாத்தாலும் சரி, தம்பிங்க மெதுவா பக்கத்துல வந்து தொப்பிய கழட்டி, "அக்கா, இதுக்கு நடலாமா"ன்னுதான் கேக்கறாங்க. கோலாலம்பூர்ல முடி நடற டீம்ல ஒன்பது வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்தவ நான், எடுத்த வேர மைக்ரோஸ்கோப்புல வச்சு சுத்தம் பண்ணி எண்ணி வைக்கறதுதான் என் வேலை. டாக்டர் இல்ல, அதனால மருந்து விஷயம் வந்தா டாக்டர்கிட்ட போங்கன்னுதான் சொல்வேன். இந்த மாசம் வாட்சாப்ல வந்ததுல நிறைய பேருக்கு உதவுறத எடுத்துக்கிட்டேன்.

வயசு 23, நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு. ஒரு இடத்துல 3000 கிராஃப்ட் வச்சு பழைய மாதிரி கீழ இறக்கி தர்றேன்னு சொல்றாங்க. கடன் வாங்கி பண்ணலாமா அக்கா?

வேணாம் தம்பி, கடனும் வேணாம், இப்போதைக்கு நடவும் வேணாம். நடவுன்னா புதுசா முடி உண்டாக்கறது இல்ல, பின்தலையிலயும் காதுக்கு மேலயும் இருக்கறத எடுத்து முன்னாடி வைக்கறது, அவ்ளோதான். அப்படி வேரோட எடுக்கற ஒவ்வொரு சின்ன துண்டும் ஒரு கிராஃப்ட். மத்த முடிய சுருங்க வைக்கற டிஹெச்டி ஹார்மோன் அந்த இடத்து முடிய அதிகமா ஒண்ணும் பண்ணாது, இடம் மாத்தி நட்டாலும் அந்த குணம் கூடவே வரும். நியூயார்க்ல டாக்டர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-கள்ல நட்டு பாத்து 1959-ல இத எழுதி வச்சாரு, இன்னைக்கும் இந்த சிகிச்சை நிக்கறது அது மேலதான். ஆனா எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. நிறைய பேருக்கு ஆயுசுக்கே சுமாரா 5000, 6000 கிராஃப்ட்தான் பாதுகாப்பா எடுக்க முடியும், அதுல பாதிய 23 வயசுல நெத்தியில வச்சிட்டீங்கன்னா, 35-ல உச்சி கொட்டும்போது எத எடுத்து வைப்பீங்க? நட்டது நிக்கும், அதுக்கு பின்னால இருக்கறது கொட்டிக்கிட்டே போகும்.

அப்படி ஒருத்தர நான் பாத்திருக்கேன். 22 வயசுல வேற எங்கயோ பண்ணிட்டு 31-ல எங்ககிட்ட வந்தாரு. விளக்க கிட்ட பிடிச்சு பின்தலைய பாத்தா பூச்சி அரிச்ச துணி மாதிரி இருந்துச்சு, எடுக்க ஒண்ணுமே மிச்சமில்ல. டாக்டர் நாற்காலிய இழுத்து போட்டு ரொம்ப நேரம் பேசினாரு, அந்த தம்பி ஒண்ணும் சொல்லாம தொப்பிய மாட்டிக்கிட்டு எந்திரிச்சு போனது இன்னும் என் கண்ணுல நிக்குது.

முதல்ல ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்ட பாருங்க. மினாக்சிடில், ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம், முடி கொட்டறதுக்கு தர்ற இந்த மருந்தெல்லாம் அவர் பாத்துதான் தரணும், ஃபினாஸ்டரைட் சிலருக்கு தாம்பத்திய ஆசைய குறைக்கும், மனச சோர்வாக்கும், அத முன்னாடியே கேட்டு தெரிஞ்சுக்கணும். ஆன்லைன்ல மலிவா வர்ற மாத்திரையில மால்னு ஆரம்பிக்கற பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லன்னா தொடவே வேணாம். ஒரு வருஷம் பாத்துட்டு அப்புறமும் நடணும்னு தோணுச்சுன்னா, டாக்டரோட முழுப்பேர வாங்கி மலேசிய மருத்துவ மன்றத்து பதிவுல இருக்கா, இந்த வருஷத்து ஏபிசி (APC, வருஷா வருஷம் புதுப்பிக்கற தொழில் சான்றிதழ்) இருக்கான்னு பாருங்க, வேர எடுக்க துளை போடறது டாக்டரா இல்ல வேற யாராவதான்னு நேரா கேளுங்க, கூச்சப்படாதீங்க. இன்னொண்ணு, ஒரு கிராஃப்ட்ல 1-லேருந்து 4 முடி வரைக்கும் இருக்கும், சில இடத்துல முடிய எண்ணி நம்பர பெருசா காட்டுவாங்க, விலை கிராஃப்ட்டுக்கா முடிக்கான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

பிப்ரவரியில கல்யாணம். நவம்பர்ல பண்ணா சரியா வருமா?

வராது. மூணாவது மாசம்தான் பாக்க இருக்கறதுலயே மோசமான நேரம், நட்டது கொட்டியிருக்கும், புதுசு வந்திருக்காது, பக்கத்துல இருந்ததும் கொஞ்சம் சேந்து உதிர்ந்திருக்கும். கல்யாண போட்டோவுக்குன்னா ஒரு வருஷம் முன்னாடி பண்ணியிருக்கணும். இப்ப நல்ல சலூனா பாத்து வெட்டிக்குங்க, நடவ கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணுகிட்டயும் பேசிட்டு நிதானமா பண்ணலாம்.

எனக்கு 52 வயசு, சுகர் இருக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி இருதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க, ஆஸ்பிரின் சாப்பிடறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி மருந்த நிறுத்தணும்னு யாரோ சொன்னாங்க, நிறுத்திடவா?

அண்ணே, நீங்களா நிறுத்தவே கூடாது! ஸ்டென்ட் வச்சவங்க ஆஸ்பிரின திடீர்னு நிறுத்தினா ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தறதா வேணாமா, எத்தன நாளைக்குன்னு உங்க இருதய டாக்டர் எழுதி தரணும், அந்த கடுதாசிய முடி டாக்டர்கிட்ட காட்டணும். நிறுத்த முடியாதுன்னு அவர் சொன்னா நடவே வேணாம், முடி அவ்ளோ முக்கியம் இல்லண்ணே.

சுகருக்கு ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) பாப்பாங்க, அதோட ரத்தம் உறையற நேரம், ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி டெஸ்ட்டும் எடுப்பாங்க. சுகர் கட்டுல இல்லன்னா புண்ணு ஆறாது, சீழ் வைக்கும், நட்டதும் சரியா பிடிக்காது, மூணு மாசம் சாப்பாட்ட பாத்து இறக்கிட்டு வந்தா போதும், அவசரமே இல்ல. சிகரெட்ட குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி விடணும், அப்புறமும் ரெண்டு வாரம் தொடக்கூடாது, நட்ட வேருக்கு ரத்தம் வர்ற குழாய அது சுருக்கிடும். தண்ணி போடறதையும் ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. மீன் எண்ணெய், விட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்செங் எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க, ரத்தத்த இளக்கும். வலின்னு பொன்ஸ்டான் போடற பழக்கம் இருந்தா அதையும் சொல்லணும்.

அன்னைக்கு காலையில வயித்த காய போட வேணாம், மரத்துப்போற ஊசிதான், மயக்கம் இல்ல, நல்லா பசியாறிட்டு போங்க, ஆனா கோப்பி வேணாம். தலையில எண்ணெய் வைக்காதீங்க, முன்னாடி பட்டன் வச்ச சட்டையா போடுங்க. 2000 கிராஃப்ட்னா ஆறு, எட்டு மணி நேரம் படுக்கணும். திரும்பி வர நீங்க காரோட்டக்கூடாது, மகன கூட்டிட்டு போங்க.

தோட்டத்துல செம்பனை வெட்டுறேன், ஹெல்மெட் இல்லாம உள்ள விடமாட்டாங்க. மோட்டார்லதான் வேலைக்கு போறேன். எத்தன நாள் எம்சி (மெடிக்கல் லீவு) வேணும்?

ரெண்டு வாரம் தம்பி, அதுக்கு குறைச்சு ஒத்துக்காதீங்க. ஒரு கிராஃப்ட் எப்படி இருக்கும் தெரியுமா, அரிசிய விட மெலிசா, அடியில வெள்ளையா ஒரு சின்ன குமிழ், உப்பு தண்ணியில மிதக்க விட்டிருப்போம், கொஞ்ச நேரம் வெளிய காஞ்சாலே செத்துடும். அத நுனி ஊசி மாதிரி இருக்கற இடுக்கியால பிடிச்சு ஒவ்வொண்ணா வச்சிருக்கோம், பிடிச்சுக்க ஒன்பது பத்து நாள் ஆகும். அதுக்குள்ள ஹெல்மெட் உரசினா பிடுங்கிக்கிட்டு வரும். அதுக்காக ஹெல்மெட் இல்லாம மோட்டார்ல போறேன்னோ குலைக்கு கீழ நிக்கறேன்னோ நினைக்கவே வேணாம், யாராவது காரோட வர்றவங்கள கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு அப்புறமும் லூசான ஹெல்மெட், உள்ள சுத்தமான பருத்தி துணி. மருந்தடிக்கற வேலை, வேர்த்து ஒழுகற வேலை ஒரு மாசத்துக்கு வேணாம், மண்டோர்கிட்ட (மேஸ்திரிகிட்ட) முன்னாடியே சொல்லி வைங்க. நேர் வெயிலும் ஒரு மாசம் ஆகாது, ஆத்துல முங்கறதும் அப்படித்தான்.

முதல் நாலஞ்சு ராத்திரி தலையணைய உயரமா அடுக்கி மல்லாந்து படுங்க, பஸ்ல கழுத்துக்கு வைப்பாங்களே, அந்த தலையணை போட்டா புரள மாட்டீங்க. ரெண்டாவது மூணாவது நாள் நெத்தி வீங்கி கண்ணு வரைக்கும் இறங்கும், பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேணாம், தானா வடியும். எங்கயாவது ரத்தம் கசிஞ்சா சுத்தமான காஸ் துணிய வச்சு லேசா அழுத்தி கிளினிக்குக்கு போன் பண்ணுங்க, காய்ச்சல், சீழ், பரவற வலி, தோல் கறுத்து போறது இதுல எது வந்தாலும் அன்னைக்கே போகணும்.

பத்தாவது நாள் குளிக்கும்போது பொருக்கு முடியோட சேந்து வந்துச்சு, இப்ப நாலாவது வாரம் கொத்து கொத்தா கொட்டுது. காசெல்லாம் போச்சா?

போகல, அழாதீங்க. வந்தது மேல இருந்த முடிதான், வேர் உள்ளதான் இருக்கு. ரெண்டாவது வாரத்துலேருந்து எட்டாவது வாரம் வரைக்கும் நட்டதுல நிறைய கொட்டும், வேர் தூங்கப்போகுதுன்னு வச்சுக்குங்க. மூணு நாலு மாசத்துல பூனை மயிர் மாதிரி மெலிசா கிளம்பும், ஆறாவது மாசம் பாதி தெரியும், முழுசா பாக்க ஒரு வருஷம், உச்சிக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். செம்பனை கன்னு நட்டு மூணு வருஷம் காத்திருந்து பழம் வெட்டுற ஊரு நம்ம ஊரு, உங்களுக்கு பொறுமைய நான் சொல்லித்தரணுமா. கழுவும்போது ஷவர நேரா பிடிக்காம கோப்பையில தண்ணி மொண்டு ஊத்துங்க, ஷாம்பூவ கையில நுரைக்க வச்சு தட்டி தட்டி விடணும், நகம் படக்கூடாது. அம்மா விளக்கெண்ணெய், மஞ்சள், வெங்காய சாறுன்னு கொண்டு வருவாங்க, பாசத்துலதான் கொண்டு வர்றாங்க, ஆனா ஆறாத துளையில அது எதுவும் படக்கூடாது.

டெங்கி வந்து போய் ரெண்டரை மாசம், சீப்புல கை நிறைய முடி வருது. நடணுமா அக்கா?

வேணாம் தங்கச்சி, காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசத்துல இப்படி கொட்டறது வழக்கம், பிரசவத்துக்கு அப்புறமும் இதேதான். பெரும்பாலும் ஆறு மாசத்துல தானா நிக்கும். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்ல) இரும்புச்சத்தும் தைராய்டும் பாக்க சொல்லுங்க. காசு மாதிரி வட்டமா வழுக்கை விழுந்தா அது புழுவெட்டு, அதுக்கும் இப்ப நடவு இல்ல, ஸ்கின் டாக்டர்கிட்ட போகணும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில மொட்டை போடறேன்னு வேண்டியிருக்கேன். நட்டா மொட்டை போடலாமா?

நல்லா பிடிச்ச முடிக்கு கத்தியால ஒண்ணும் ஆகாது, வேர் தோலுக்கு ரொம்ப கீழ இருக்கு. ஒரு வருஷம் போயிருந்தா தாராளமா போடுங்க. ஆனா அக்டோபர்ல நட்டு தைப்பூசத்துக்கு போடறேன்னா வேணாம், மூணு நாலு மாசத்துல புது முடி தோல முட்டிக்கிட்டு வரும், பரு மாதிரி இருக்கும், அதுல கத்தி பட்டா சீழ் வைக்கும். என்ன கேட்டா, முதல்ல நேர்த்திக்கடன முடிச்சிடுங்க. மொட்டைக்கு முன்னாடியே டாக்டர பாத்து போட்டோ எடுத்துக்குங்க, எங்க எவ்ளோ மெலிஞ்சிருக்குன்னு அவருக்கு அப்பதான் தெரியும். மொட்டை போட்டு, காவடி இறக்கி, தோல் நல்லா ஆறினதும் நடவுக்கு போங்க, வேர ஒவ்வொண்ணா துளை போட்டு எடுக்கற எஃப்யூஇ முறைக்கு எப்படியும் பின்தலைய ஒட்ட வெட்டத்தானே போறாங்க. வருஷா வருஷம் மொட்டை போடறவங்க தோல ஒரு பட்டையா வெட்டி எடுக்கற எஃப்யூடி முறைக்கு ஒத்துக்காதீங்க, பின்தலையில காதுலேருந்து காது வரைக்கும் ஒரு கோடு விழும், மொட்டையில பளிச்னு தெரியும். எஃப்யூஇ-லயும் வெள்ளை புள்ளி இருக்கும், ஆனா கிட்ட வந்து பாத்தாதான் தெரியும். மொட்டை போடறவர்கிட்ட புது பிளேட பிரிச்சு மாட்ட சொல்லி கண்ணால பாத்துட்டு உக்காருங்க.

வீட்டுக்காரர் நட்டுட்டு ஃபினாஸ்டரைட் சாப்பிடறாரு. நான் மாசமா இருக்கேன், மாத்திரைய நான்தான் எடுத்து குடுக்கறேன்.

இனிமே நீங்க எடுக்காதீங்கம்மா. முழு மாத்திரைக்கு மேல பூச்சு இருக்கும், உடைஞ்சதோ பொடியானதோ கையில படக்கூடாது, வயித்துல ஆம்பள புள்ளையா இருந்தா பாதிக்கும். தெரியாம பட்டிருந்தா சோப்பு போட்டு கழுவிட்டு அடுத்த செக்கப்ல மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க. மாத்திரை டப்பாவ அவரோட அலமாரியில வைக்க சொல்லுங்க, அவரே எடுத்து சாப்பிடட்டும்.