காது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

சுங்கை சிப்புட்டில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நேரம் போதவில்லை. சீட்டில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஆடியோலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதித்துப் பயிற்சி தருபவர். டாக்டர் என்று கூப்பிட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. காது சோதனையில் குறை இல்லை என்றார்கள். வகுப்பில் மட்டும் எதைச் சொன்னாலும் "ஹா? என்னது?" என்கிறான்.

சோதனை நடப்பது சத்தமில்லாத அறையில், ஒற்றை ஒலியை வைத்து. அவன் படிப்பதோ காற்றாடிக்கும் தகரக் கூரை மழைக்கும் நடுவே. காது ஒலியை வாங்கிவிடுகிறது. அதைப் பிரித்து அடுக்குவதில்தான் மூளை தடுமாறலாம். இதைச் செவிவழிச் செயலாக்கக் கோளாறு என்பார்கள். ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் நல்லது. முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஆசிரியரின் மைக்கிலிருந்து பிள்ளையின் காதுக்கே குரலை அனுப்பும் கருவியும் உண்டு.

வீட்டில் தினம் 10 நிமிடம் போதும். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று எண்கள் சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள். தடுமாறாமல் சொன்னால் வானொலியை மெதுவாக ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அப்புறம் நான்கு எண்கள். இரண்டு காதிலும் வெவ்வேறு எண் கேட்க வைத்து, தேறிய காதுக்குச் சத்தத்தைக் குறைத்துப் பலவீனக் காதைப் பழக்கும் பயிற்சியும் இருக்கிறது. அதை எங்களிடம் வந்துதான் செய்ய வேண்டும். பழக்கியது மேம்படும். பரீட்சை மதிப்பெண்ணும் கூடவே ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: மகளுக்கு 4 வயது. சோதிக்கலாமா?

இந்தக் கோளாறுக்கான சோதனைகளை 7 வயதுக்கு முன் நம்ப முடியாது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள். சளிப்பிடித்த பிள்ளைகள் பலருக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: காதில் எண்ணெய் விடலாமா?

கூடாது.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். ழகரமும் ளகரமும் பிரியாத பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஐயா, நம் தோட்டங்களில் எத்தனை பெரியவர்கள் 'வாளப்பளம்' என்கிறார்கள்! சுற்றிலும் அதையே கேட்டு அதையே சொல்லும் பிள்ளை மிகச் சரியாகக் கேட்கிறது. அது வட்டார வழக்கு, கோளாறு அல்ல.

அதே ஆசிரியர்: இப்படிச் சொல்லித்தான் தமிழ் தேய்கிறது.

தேயாமல் பார்ப்பது உங்கள் வகுப்பறை வேலை. என் கவலை 'படம்', 'பட்டம்' போன்ற ஜோடிகள். 'ட்ட' சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும், அந்த நொடித்துளி மௌனம்தான் பெரிய வித்தியாசம். வீட்டில் எல்லோரும் அதைச் சரியாகச் சொல்லியும் பிள்ளைக்கு அது பிடிபடவில்லை என்றால் விசாரிக்கலாம்.

கேள்வி: மகன் வகுப்பில் "என்னது, என்னது" என்கிறான்...

முதல் பதிலைப் படியுங்கள். காது சோதனை முதலில், பயிற்சி பிறகு.

கேள்வி: மலாய்ச் சொற்களில் சோதித்தார்கள். மகள் தோற்றுவிட்டாள்.

வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிறவள் என்றால் அந்த முடிவை அப்படியே ஏற்காதீர்கள். தெரியாத சொல் யாருக்கும் தெளிவாகக் கேட்காது. பழகிய மொழியில், எண்களை வைத்துச் சோதிக்கக் கேளுங்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்கும் கணினிப் பயிற்சி?

சோதனைக்கு முன் காசு கட்டாதீர்கள்.

மறுபடியும் தமிழாசிரியர்: என் பேரன் 'பட்டம்' சொல்லச் சொன்னால் 'படம்' என்கிறான். 9 வயது. இது வட்டார வழக்கா?

இல்லை, ஐயா. அழைத்து வாருங்கள். வரும் வழியில் அரசாங்கக் கிளினிக்கில் காதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.