கண்ணாடியில் ஒட்டிப்போன தாத்தாவின் பெரட்டுக்களப் படம்

வணக்கம். உங்கள் தாத்தா பெரட்டுக்களத்தில் (ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) நிற்கும், சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கலாமா, அது எந்த வருஷத்துப் படம் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம்தான் முதலில் வரும் (என் பாட்டியின் கல்யாணப் படத்தில் மூக்கை அப்படித்தான் தொலைத்தேன்). கண்ணாடியோடே படமெடுங்கள். மெலிசான ஸ்கேனரில் மங்கலாக விழும், அதனால் விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். ஓரத்தில் நீலமாக மினுங்குவது பூஞ்சை இல்லை, படத்திலுள்ள வெள்ளிதான், துடைக்க வேண்டாம்.

வருஷத்துக்கு வருவோம். தாத்தாவின் காண்டா வாளியைவிட (பால் சுமக்கும் காவடி வாளி), லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் தெரிகிற அந்த உயரமான முள்வேலிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மலேசியாவின் பேராக்கில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் 1948 ஜூன் 16இல் தோட்ட துரைமார் மூவர் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்தது) வந்த பிறகுதான் தோட்டக் குடியிருப்புகளைச் சுற்றி இப்படி வேலி போட்டார்கள். அவசரகாலம் முடிந்தது 1960இல். அதற்குள் எடுத்ததாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கங்காணிக்குப் (தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும் பையன் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அவன் வயதை வைத்து இன்னும் நெருங்கிவிடலாம்.