கேள்வி பதில்: ரகசிய அறையில வர்த்தக ஒப்பந்தம்

கேள்வி: வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைய ஏன் மூடி வச்சே நடத்துறாங்க? எம்பிக்களுக்காவது காட்டுவாங்களா?
- வாசகி, ஈரோடு

பதில்: நம்ம பேரம் எதிர்த்தரப்புக்குத் தெரிஞ்சிடக்கூடாதுன்னு சொல்வாங்கம்மா, அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா எதிர்த்தரப்பு கையிலயே இருக்குற பேப்பர சொந்த ஜனங்ககிட்ட மறைக்கிறது என்ன நியாயம்?

அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் 2013ல டிடிஐபின்னு ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பேச ஆரம்பிச்சாங்க. ஜெர்மனி எம்பிக்கள் அந்த டிராஃப்ட பார்க்க 2016 பிப்ரவரில பெர்லின்ல ஒரு அறை திறந்தாங்க, உள்ள போன் கொண்டு போகக்கூடாது, ரெண்டு மணி நேரம்தான், கையால குறிப்பு எடுக்கலாம் ஆனா காப்பி எடுக்கக்கூடாது, படிச்சத வெளிய சொல்லவும் கூடாது. ஓட்டுப் போட்டவங்ககிட்டயே சொல்ல முடியலன்னா அந்த எம்பி எப்படி அவங்க பிரதிநிதி? எனக்கு இத நினைச்சாலே கோவம் வருது. அதே வருஷம் மே மாசம் கிரீன்பீஸ் நெதர்லாந்துங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு அந்த ரகசிய பேப்பர்ல 248 பக்கத்த வெளியிட்ட பிறகுதான் சாப்பாட்டுப் பாதுகாப்பு விதியில எல்லாம் அமெரிக்கா என்ன கேக்குதுன்னு ஜனங்க நேரா படிச்சாங்க. அந்த ஒப்பந்தம் கடைசி வரைக்கும் கையெழுத்தாகல.

நம்ம நாட்டுல இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதலே கட்டாயம் இல்ல, மத்திய அமைச்சரவை ஓகே சொன்னா போதும். கையெழுத்துக்கு முன்னாடியே டிராஃப்ட வெளியிடுங்கன்னு உங்க எம்பிக்கு ஒரு லெட்டர் போடுங்க.