ராக்கிகடி மரபணு: பட்டிமன்றத்தில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஹரியானாவில் உள்ள ஹரப்பா நாகரிக ஊரான ராக்கிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டில் புல்வெளி மரபணு (யூரேசியப் புல்வெளிகளின் மேய்ச்சல் மக்களுடைய மரபணு) இல்லை, ஆகவே ஆரியர் இடம்பெயர்வு பொய் என்று எதிரணி வாதிட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஆய்வு முடிவை மறுக்காதீர்கள், அது சரியானதுதான். காலத்தைக் கேளுங்கள். அந்தப் பெண் ஹரப்பா நாகரிகம் செழித்திருந்த காலத்தவர். புல்வெளி மக்கள் கி.மு. 2000க்குப் பிறகு வந்தார்கள் என்றால், அதற்கு முன்பே இறந்தவரிடம் அவர்களுடைய மரபணு எப்படி இருக்கும்? 2019 செப்டம்பரில் இந்த ஆய்வோடு சேர்ந்தே ‘சயின்ஸ்’ இதழில் இன்னொன்றும் வந்தது. 523 பழங்கால மனிதர்களின் மரபணுவை வைத்து, கி.மு. 2000–1500 வாக்கில் புல்வெளி மக்களின் கலப்பு தெற்காசியாவுக்குள் வந்தது என்றது. இரண்டு கட்டுரைகளிலும் பல ஆய்வாளர்கள் பொது. இதை எதிரணி சொல்லவே மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் ‘படையெடுப்பு’ என்று மட்டும் வாயெடுக்காதீர்கள். மொகஞ்சதாரோவில் ஆரியர் படுகொலை நடத்தினர் என்ற தொல்லியலாளர் மார்டிமர் வீலரின் கருத்தை 1964லேயே இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் தகர்த்துவிட்டார். அங்கேதான் உங்களை மடக்குவார்கள்.

மரபணு ஒருவர் பேசிய மொழியைச் சொல்லாதே என்று எதிரணி கேட்டால், நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்ளுங்கள். மொழிக்கு மொழியியல் சான்றுகளைக் காட்டுங்கள். ஹரப்பர்கள் பேசியது திராவிட மொழி என்பதும் இன்னும் கருதுகோள்தான், அவர்களுடைய எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. நம் மனதுக்குப் பிடித்தது என்பதற்காக அதை முடிந்த முடிவாக மேடையில் சொல்லிவிடாதீர்கள்.