பெண்கள் ஷூவா, யூனிசெக்ஸா? பாறையேற்றக் காலணி கேள்வி பதில்

கேள்வி: பெண்கள் மாடல் என்று தனியாக விற்கிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் உண்டா? இல்லை, நிறத்தை மாற்றிவிட்டு விற்கிறார்களா?

நிறம் மட்டும் மாறுகிற மாடல்களும் சில இருக்கின்றன. மற்றவற்றில் வித்தியாசம் உண்டு, ஆனால் அது நீளத்தில் இல்லை, உள்ளே இருக்கும் இடத்தில். ஷூவை எந்தக் கால் அச்சின் மேல் வைத்துத் தைக்கிறார்களோ அதற்கு லாஸ்ட் என்று பெயர். பெண்கள் லாஸ்டில் அதே 38 எண் நீளத்துக்குக் குதிகால் கிண்ணம் ஒடுங்கியிருக்கும், புறங்கால் மேடு தாழ்ந்திருக்கும், முன்பாதமும் கொஞ்சம் குறுகும். அதற்கு ஆணும் பெண்ணும் கணக்கில்லை, ஒல்லிக்கால் தடித்தகால்தான் கணக்கு. அதனால்தான் எவால்வ், அன்பேரலல் போன்ற நிறுவனங்கள் இதை 'எல்வி', அதாவது லோ வால்யூம் என்றே எழுதுகின்றன. புடோரா நிறுவனத்தின் ஆக்ரோ மாடலில் ஆரஞ்சு அகலக் காலுக்கு, நீலம் ஒடுக்கக் காலுக்கு. இந்தப் பெயர்கள்தான் நேர்மையானவை.

கேள்வி: அப்படியானால் 'யூனிசெக்ஸ்', அதாவது இருபாலருக்கும் பொது என்பது ஆண்கள் ஷூவுக்கு இன்னொரு பெயரா?

ஒரே மாடலில் பெண்கள் வகை தனியாக இருந்தால், பெரும்பாலும் ஆமாம். தனி வகையே இல்லாத மாடல் என்றால் நடுத்தர லாஸ்டாகவும் இருக்கலாம். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: நான் ஆண். கால் மெலிந்தது, எந்த ஷூ போட்டாலும் குதிகால் லொடலொடக்கிறது. பெண்கள் மாடல் வாங்கலாமா சகோ?

தாராளமாக வாங்குங்கள். எண்ணில் மட்டும் கவனம். அமெரிக்க அளவில் ஆண், பெண் எண்கள் வேறு வேறு, இடைவெளியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஐரோப்பிய எண் இருபாலருக்கும் ஒன்றே, அதைப் பார்த்து வாங்குங்கள். அதில் ஒரு எண் ஏறினால் நீளம் சுமார் 6.7 மி.மீ., அரை எண்ணுக்கு 3.3 மி.மீ. உங்களுக்கு வரக்கூடிய ஒரே தடை, பெண்கள் வகை பெரும்பாலும் 42, 43 அளவோடு நின்றுவிடும்.

கேள்வி: குதிகால் லூசாக இருந்தால் அரை அளவு, ஒரு அளவு குறைத்து வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். அளவைக் குறைத்தால் முதலில் குறைவது நீளம். குதிகால் கிண்ணத்தின் வடிவம் அப்படியே இருக்கும். விரல்கள் மடங்கி நசுங்கும், பின்னால் வெற்றிடம் அப்படியே இருக்கும். விரல் மூட்டு நோகிறது, குதிகாலைப் பாறையில் மாட்டி இழுக்கும் ஹீல் ஹூக்கில் ஷூவும் கழல்கிறது என்று இரட்டை நஷ்டம். நீளம் சரியாக இருந்து குதிகால் தளர்ந்தால் மாற்ற வேண்டியது லாஸ்ட், எண் அல்ல.

கேள்வி: கடையில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள். ஏறும்போது சாக்ஸ் போடாதவர் என்றால் கடையிலும் சாக்ஸ் வேண்டாம்.

முதலில் பட்டையைப் பாருங்கள். வேல்க்ரோவை முழுக்க இழுத்த பிறகும் பட்டையின் நுனி எதிர்ப்பக்கம் தாண்டித் தொங்கினாலோ, புறங்கால் மேல் ஷூவின் தோல் மடிந்து சுருக்கம் விழுந்தாலோ ஷூவில் இடம் அதிகம். எல்வி பக்கம் போங்கள். நேர்மாறாகப் பட்டை பாதிதான் எட்டுகிறது, இரண்டு நிமிடத்தில் புறங்கால் மரத்துப்போகிறது என்றால் இடம் போதவில்லை. அப்போது நீங்கள் பெண்ணாகவே இருந்தாலும் யூனிசெக்ஸ்தான்.

அடுத்தது குதிகால். இரண்டு பக்கமும், அடியிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரப்பர் 'பொக்' என்று உள்ளே போனால் அங்கே காற்றுதான் இருக்கிறது, கால் இல்லை. பிறகு முழங்கால் உயரத்தில் ஒரு கெட்டியான விளிம்பில் குதிகாலை மாட்டி, உடலை அந்த விளிம்பின் பக்கம் இழுப்பது போல இழுங்கள். ஷூ பக்கவாட்டில் புரண்டாலோ பின்னால் நழுவினாலோ அந்த ஜோடி வேண்டாம். நேராக நிற்கும்போது இது தெரியவே தெரியாது. குதிகாலுக்கு மேலே உள்ள பின்புறத் தசைநாரைக் கிண்ணத்தின் மேல்விளிம்பு வெட்டுகிறதா என்றும் பாருங்கள். அந்த வலி பழகினால் போகும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன விளிம்பில் பெருவிரல் நுனியை மட்டும் வைத்து எடையைக் கொடுங்கள். கால் உள்ளே முன்பின் நகரக் கூடாது.

கேள்வி: எனக்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். பெண்கள் ஷூவில் சுண்டுவிரல் கடிக்கிறது, யூனிசெக்ஸில் குதிகால் ஆடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கலவை சாதாரணம், தீர்வுதான் சிரமம். முன்னால் அகலத்தைக் கொஞ்சம் தோல் இளகிக் கொடுக்கும், பின்னால் தளர்ச்சியை யாராலும் இறுக்க முடியாது. எனவே குதிகால் சரியாக உட்காரும் வகையைப் பிடித்துக்கொண்டு, அதில் உள்துணி இல்லாத தோல் ஷூவைத் தேடுங்கள். அது சுமார் ஒரு எண் வரைகூட இளகும். உள்துணி வைத்த தோல் அதில் பாதி, செயற்கைத் தோல் மிகக் குறைவு. விரல் பகுதி முழுக்க ரப்பர் மூடிய மாடல் இளகாது, அதைத் தவிருங்கள். நாடா கட்டும் ஷூ உங்களுக்கு நல்லது: முன்னால் தளர்த்தி, மேலே இறுக்கலாம். பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அகல ஷூவே எடுங்கள்.

கேள்வி: என் எடை 48 கிலோ. யூனிசெக்ஸ் ஷூ எனக்கு விறைப்பாக இருக்குமா?

இருக்கலாம். சில மாடல்களில் வடிவத்தோடு ரப்பரும் மாறும். லா ஸ்போர்டிவாவின் மியூரா விஎஸ்ஸில் ஆண்கள் வகைக்கு விப்ரம் எக்ஸ்எஸ் எட்ஜ், பெண்கள் வகைக்கு அதைவிட மென்மையான எக்ஸ்எஸ் கிரிப் 2. எடை குறைந்தவர் விறைப்பான அடிப்பாகத்தை வளைக்க முடியாமல், சரிந்த வழுவழுப்புப் பாறையில் ரப்பரை அப்பி நிற்கத் திணறுவார். ஆனால் சின்ன விளிம்புகளில் அதே விறைப்பு விரலுக்குத் தாங்கல். செங்குத்துச் சுவரே உங்கள் வேலை என்றால் விறைப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

80 கிலோக்காரர் ஒல்லிக்கால் என்று மென்மையான எல்வி வாங்கினால் தலைகீழ்ச் சிக்கல்: விளிம்பில் அடி வளைந்து, கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். வாங்குமுன் ரப்பர் பெயரைப் பாருங்கள், ஷூவைக் கையில் பிடித்து முறுக்கியும் பாருங்கள்.

கேள்வி: தெரியாமல் பெரியதாக வாங்கிவிட்டேன். உள்ளே அட்டை வைக்கலாமா?

புறங்கால் பக்கம் தளர்வு என்றால் ஷூ நாக்கின் அடியில் 2, 3 மி.மீ. நுரைப் பட்டை ஒட்டலாம், ஓரளவு உதவும். காலடியில் அட்டை வேண்டாம். பிடியின் உணர்வு போய்விடும், கால் உயர்ந்து குதிகால் இன்னும் வெளியே வரும். குதிகால் தளர்வுக்கு ஒட்டுவேலை கிடையாது. விற்றுவிடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளுக்குப் பெண்கள் மாடலின் சின்ன அளவு போதுமா?

வேண்டாம். குழந்தைகளுக்கான தட்டையான ஷூ, விரல்கள் நேராக நீட்டியிருக்கும்படி. வளரும் காலை மடக்கக் கூடாது.

கேள்வி: பக்கத்தில் கடை இல்லை. இணையத்தில்தான் வாங்க வேண்டும்.

திருப்பி எடுக்கும் வசதி உள்ள இடத்தில், ஒரே எண்ணில் எல்வி ஒன்று, சாதாரணம் ஒன்று என இரண்டு ஜோடி வரவழையுங்கள். பலர் ஒரே வகையில் இரண்டு எண் வரவழைத்து, இரண்டிலும் குதிகால் ஆடுகிறதே என்று நிற்பார்கள். சுத்தமான தரையில் பத்து நிமிடம் போட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். மாட்டி இழுப்பதற்குக் கட்டில் விளிம்பு போதும், மேலே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். கையில் வழுக்காமல் பூசும் சாக் பொடி இருந்தால் கழுவிவிட்டுத் தொடுங்கள், கறை பட்ட ஷூவைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.