லைட்வெயிட் ஸ்போர்ட்ஸ் காரை ட்ராக்ல ஓட்டினா பின்பக்க டோ லிங்க் உடையும்ங்கறது உண்மையா?

உண்மைதான், உடையும். கேள்வி கேட்டவர் லோட்டஸ் எலிஸ்ங்கற லேசான ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கார், செமி ஸ்லிக் டயர் (ரேஸ் டயருக்குப் பக்கத்துல வர்ற, நல்லா ஒட்டற டயர்) போட்டு ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள்) போறார், பின்னாடி சஸ்பென்ஷன் எல்லாம் கம்பெனியில வந்தது அப்படியே இருக்கு. "வண்டியே 800 கிலோ சுமார்தான், இவ்வளவு லேசான வண்டிக்கு ஸ்ட்ராங் டோ லிங்க் எதுக்கு, பார்ட் விக்கறவங்க கிளப்பி விடற பயமா"ன்னு கேட்டிருக்கார். பயம் நியாயமானதுதான். ஆனா பார்ட் வாங்கறது ரெண்டாவது வேலை. முதல் வேலை வண்டியைத் தூக்கி, வீல்ல கையை வச்சு ஆட்டிப் பாக்கறது, டோ லிங்க் ஜாயின்ட்டுக்கு பிரேக் பேட் மாதிரியே ஒரு ஆயுசு உண்டுன்னு மனசுல ஏத்திக்கறது. புது பார்ட் போட்டுட்டு அதுக்கப்புறம் குனிஞ்சே பாக்காத வண்டிகளைப் பாத்தா எனக்கு இன்னும் கவலையா இருக்கும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல டோ லிங்க் என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். இந்த மாதிரி வண்டிகள்ல பின்னாடி மேல ஒரு விஷ்போன் (வீலை வண்டியோட சேக்கற V வடிவ கை), கீழ ஒரு விஷ்போன், இது ரெண்டும் வீலை மேல கீழ நகர விட்டு மத்த திசையில பிடிச்சுக்கும். ஆனா வீல் இடது வலதா திரும்பாம பிடிக்கறது அந்த ஒரு மெல்லிசான கம்பி மட்டும்தான். முன்னாடி வீலுக்கு ஸ்டியரிங் ராக்ல இருந்து வர்ற டை ராட் என்னவோ அதேதான் இது, மறுமுனை ஸ்டியரிங் ராக்குக்குப் பதிலா சப்ஃப்ரேம்ல, அதாவது வண்டியோட பின்பக்கச் சட்டத்துல, மாட்டியிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். இது போச்சுன்னா பின் வீல் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். முன்னாடி ஒண்ணு உடைஞ்சா வண்டி பெரும்பாலும் நேரா போய் வெளியில விழும், பின்னாடி இது உடைஞ்சா வண்டி சட்டுனு சுத்தும். கார்னர்ல வெளிப்பக்க வீல்ல, பாரம் முழுசா இருக்கறப்பதான் உடையும்ங்கறதால ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க நேரம் கிடைக்காது, அதுதான் இதுல மோசமான விஷயம்.

"லேசான வண்டிதானே"ங்கற வாதத்துக்கு ஒரு சின்ன கணக்கு. டிரைவரோட சேத்து 900 கிலோன்னு வச்சுக்கங்க. நல்ல செமி ஸ்லிக்ல 1.3 ஜி (வண்டி எடையைப் போல 1.3 மடங்கு விசை) வரைக்கும் கார்னர்ல பிடிக்கும், அப்போ மொத்தமா 1,170 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டுல வருது. இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற மிட் இன்ஜின்ங்கறதால அதுல 60 சதவீதம் பின்னாடி, 700 கிலோ. எடை வெளிப்பக்கம் சாயறதால அதுல முக்கால்வாசி வெளி டயர் ஒண்ணே தாங்குது, அதாவது 500 கிலோவுக்கு மேல, ஒரு டயர்ல. சும்மா நிக்கும்போது அதே டயர் மேல இருக்கற எடையே 270 கிலோதான். சாதாரண ரோட்ல 0.4 ஜி தாண்டி யாரும் அடிக்கடி ஓட்டறது கிடையாது, அதோட ஒப்பிட்டா ட்ராக்ல ஒவ்வொரு கார்னர்லயும் அந்த வெளி டயருக்கு மூணு, நாலு மடங்கு. இதுல எல்லாமே டோ லிங்க்குக்குப் போறதில்ல, பெரும்பகுதியை விஷ்போன் வாங்கிக்கும், ஆனா வீலைத் திருப்பப் பாக்கற பங்கு முழுசும் இந்தக் கம்பிக்குத்தான். பிரேக்கை விடாமலே கார்னருக்குள்ள நுழையற பழக்கம் இருந்தா பிரேக்கோட இழுப்பும் அதோட சேரும். ட்ராக் ஓரத்துல மேடா இருக்கற கர்ப் மேல ஏத்தி இறக்கினா அந்த ஒரு நொடியில வர்ற குத்து இந்தக் கணக்குக்குள்ளயே அடங்காது.

அடுத்தது, உடையறது பெரும்பாலும் கம்பியே இல்ல, உள்பக்க பால் ஜாயின்ட்டோட (குண்டு உருண்டு எல்லாப் பக்கமும் அசையற மூட்டு) ஸ்டட், அதாவது அதுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கற போல்ட் மாதிரியான தண்டு. எலிஸ், எக்ஸிஜ், அதே சேசிஸ்ல லோட்டஸோட ஹெத்தல் ஃபேக்டரியில செஞ்ச வாக்ஸால் விஎக்ஸ்220, ஓப்பல் ஸ்பீட்ஸ்டர், இவை எல்லாத்துலயும் ரொம்ப நாளா பேசப்படற பலவீனம் இதுதான். அந்த ஸ்டட்டை ஒரு பக்கம் மட்டும்தான் பிராக்கெட் பிடிச்சிருக்கு, சிங்கிள் ஷியர்னு சொல்வாங்க. சுவத்துல அடிச்ச ஆணியோட நுனியில கனமான பையை மாட்டினா ஆணி அடியில வளையுமே, அதே கதைதான். ரெண்டு பக்கமும் பிராக்கெட் பிடிச்சு நடுவுல ஜாயின்ட் உக்காந்தா, அதுதான் டபுள் ஷியர், போல்ட் வளைய வேண்டிய அவசியமே குறைஞ்சுடும், அதே தடிமன் போல்ட் பல மடங்கு தாங்கும். ரோட்டுக்குன்னு டிசைன் பண்ணினப்போ சிங்கிள் ஷியர் போதுமானதுதான், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். 1996ல முதல் எலிஸ் வந்தப்ப சுமார் 725 கிலோ, அன்னைய ரோட் டயர், அதுக்கு அது சரியான டிசைன். அதே ஜாயின்ட் மேல இன்னைக்கு எடை கூடின வண்டி, ஒட்டற டயர், கூட பவர்னு நாமதான் ஏத்திக்கிட்டே போறோம்.

ஒரே அடியில உடையறதும் அபூர்வம், உள்ளுக்குள்ள விரிசல் விட்டு கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துதான் உடையும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட வண்டியில உடைஞ்ச ஸ்டட்டைக் கையில வாங்கிப் பாத்திருக்கேன். உடைஞ்ச பரப்புல பாதிக்கு மேல மழமழன்னு மங்கலா இருந்துச்சு, கோடு கோடா வளையம், ஓரத்துல துரு, மீதிப் பகுதி மட்டும் பளபளன்னு சொரசொரப்பா. மழமழப்பான பகுதி பழைய விரிசல், பளபளப்பு அன்னைக்கு உடைஞ்சது. துரு உள்ளே போயிருக்குன்னா அந்த விரிசலோட அவர் எத்தனையோ முறை ட்ராக் போயிருக்கார்னு அர்த்தம். நல்லவேளை மெதுவான கார்னர், ஆளுக்கு ஒண்ணும் ஆகல. வெல்டிங், போல்ட் திரெட் மாதிரி இடங்களுக்கு இன்ஜினியர்கள் போடற கணக்குல, விசை ரெண்டு மடங்கானா ஆயுசு எட்டுல ஒரு பங்காகும், விசை 25 சதவீதம் கூடினாலே ஆயுசு பாதி. ரோட் டயர்ல இருந்து செமி ஸ்லிக் மாறினா அந்த 25 சதவீதம் தாராளமா வந்துடும், அதனால "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலயே"ங்கறது டயர் மாத்தின அன்னைக்கே செல்லாம போயிடுது.

லேசான லோட்டஸ்ல பின்பக்க பார்ட் தாங்காம போறது இன்னைக்கு வந்த பிரச்சனையும் இல்ல. 1960 ஜூன்ல ஸ்பா ட்ராக்ல பெல்ஜியம் கிராண்ட் ப்ரீ பிராக்டிஸ்ல ரேஸ் டிரைவர் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டின லோட்டஸ் 18ல பின் வீல் கழண்டு போய் ரெண்டு காலும் முறிஞ்சுது. இன்னொரு பக்கம், பார்ட் நல்லா இருந்தும் டைட் பண்ணாததாலயும் வரும். எலிஸ் அடிப்படையில வந்த டெஸ்லா ரோட்ஸ்டர்ல, பின்பக்க உள் ஹப் ஃபிளாஞ்ச் (ஹப்ங்கறது வீல் மாட்டற பகுதி) போல்ட் சரியா டைட் ஆகலன்னு 2009ல 345 வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. போல்ட்டை குறிப்பிட்ட அளவுக்கு (டார்க்) டைட் பண்ற டார்க் ரெஞ்சைப் பத்தி நான் கீழ சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஓட்டும்போது என்ன தெரியும்? நேர் ரோட்ல பலமா பிரேக் அடிச்சா வண்டி பின்னாடி லேசா வாலாட்டும், நேரா போகும்போது ஸ்டியரிங் நடுவுல நிக்காது, த்ராட்டில் விட்டா ஒரு பக்கம் இழுக்கும், பிடிச்சா இன்னொரு பக்கம் இழுக்கும், ஒரு பின் டயர் மட்டும் உள் ஓரத்துல தேயும். இதுல எது வந்தாலும் அலைன்மென்ட்டுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்தானேன்னு நினைக்காதீங்க, டோ லிங்க்கோட வெளி முனைக்கும் வீல் திரும்பற அச்சுக்கும் நடுவுல 15-20 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுல ஒரு மில்லிமீட்டர்னா சுமார் 0.3 டிகிரி. பின் வீலுக்கு நாம வைக்கற டோ இன்னே (வீலோட முன் ஓரம் லேசா உள்ள பாத்து நிக்கற கோணம்) ஒரு பக்கத்துக்கு 0.1, 0.2 டிகிரிதான், அதாவது செட்டிங் மொத்தமும் அந்த ஆட்டத்துல கரைஞ்சு போகும். சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமலும் உடையும், அதனால "வண்டி நல்லாதானே ஓடுது"ன்னு ஓட்டற ஃபீலை மட்டும் நம்பாதீங்க.

செக் பண்றது கஷ்டமே இல்ல. ஜாக் வச்சு ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, ஜாக்கை மட்டும் நம்பி அடியில கை விடாதீங்க. கடிகாரத்துல 3, 9 இருக்கற இடத்துல வீலைப் பிடிச்சு உள்ள வெளிய சின்னதா, வேகமா ஆட்டுங்க. அந்த நேரத்துல இன்னொருத்தர் உள்பக்க ஜாயின்ட் மேல விரலை வச்சிருக்கணும். டக் டக்னு விரல்ல தட்டினா ஜாயின்ட் போச்சு. 12, 6ல பிடிச்சு ஆட்டினா ஆட்டம் வந்தா வீல் பேரிங் இல்லன்னா விஷ்போன் பால் ஜாயின்ட். அப்புறம் ஜாயின்ட்டை மூடியிருக்கற ரப்பர் பூட்டை விரலால பிதுக்கிப் பாருங்க, மடிப்புக்குள்ள இருக்கற கிழிசல் சும்மா பாத்தா தெரியாது. பூட் கிழிஞ்சா தண்ணியும் மண்ணும் உள்ள போகும், க்ரீஸ் போகும், துரு புள்ளி வைக்கும், அந்தப் புள்ளியிலதான் விரிசல் பிறக்கும். கிழிஞ்ச பூட்டுக்கு ஆட்டம் இருக்கா இல்லையான்னு யோசிக்காம ஜாயின்ட்டை மாத்திடுங்க. கடைசியா எல்லா நட்டுலயும் பெயின்ட் பேனாவால ஒரு கோடு, நட்டுலயும் பிராக்கெட்லயும் சேத்து. ஒவ்வொரு செஷனுக்கு அப்புறமும் கோடு நேரா இருக்கான்னு ஒரு பார்வை பாத்தா போதும். விஷ்போன்ல, சப்ஃப்ரேம்ல வெல்டிங் ஓரமா பெயின்ட்ல முடி மாதிரி கோடு, அதுல துரு கசிஞ்சிருந்தா துடைச்சுட்டு டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள ஊறற கலர் திரவம்) அடிச்சுப் பாருங்க, விரிசல்னா கலர் காட்டிக் கொடுக்கும்.

இப்போ அப்கிரேட். ட்ராக்குக்குப் போறது தொடர்ந்து நடக்கும்னா, அதுவும் செமி ஸ்லிக்கோடன்னா, டபுள் ஷியர் கிட் போடுங்கன்னுதான் சொல்வேன். வாங்கும்போது கம்பி எவ்வளவு தடிமன், என்ன கலர்னு பாக்காதீங்க, உள்பக்க முனையை ரெண்டு பக்கமும் பிடிக்குதான்னு பாருங்க. தடி கம்பி, பெரிய ஜாயின்ட், ஆனா அதே சிங்கிள் ஷியர்னா காசு பாதி வீண். ரெண்டாவது, ராட் எண்ட் (கம்பி முனையில வளையத்துக்குள்ள பால் வச்ச ஜாயின்ட்) வச்ச கிட்னா அந்த பால் வெளியில வந்தாலும் கம்பி பிரிஞ்சு போகாம தடுக்கற பெரிய வாஷர் இருக்கணும். ராட் எண்ட்ல பூட் பல நேரம் வராது, மழையிலயும் மண்ணுலயும் பால் ஜாயின்ட்டை விட சீக்கிரம் தேயும், சத்தம் வரும், அதனால கிட் போட்டதும் செக் பண்ற வேலை குறையாது, கூடும். இன்னொண்ணு, லிங்க் ஸ்ட்ராங் ஆனா விசை மறைஞ்சு போகாது, அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும், அதனால சப்ஃப்ரேம் பிராக்கெட்டையும் ஹப் பேரிங்கையும் இனிமே கூடுதலா கவனிக்கணும்.

ஆயுசைக் குறைக்கற சில விஷயங்கள் நாமளே பண்றது. வண்டியை ரொம்ப இறக்கினா பால் ஜாயின்ட் எப்பவும் சாஞ்ச நிலையிலயே வேலை செய்யும், சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஸ்டட் ஹவுசிங் ஓரத்துல முட்டும், முட்டினா வளைக்கற விசை நேரா ஸ்டட் கழுத்துக்கு. ஸ்பேசர் போட்டு வீலை வெளிய தள்ளினா பேரிங்குக்கு பாரம். கிராவல்ல போய் விழுந்தாலோ கர்ப்ல பலமா அடிச்சாலோ, வெளியில ஒண்ணும் தெரியலன்னாலும் அந்தப் பக்க ஜாயின்ட் ரெண்டையும் மாத்திடுங்க, விலை கூடின பார்ட் இல்ல அது.

மத்த லைட்வெயிட் வண்டி வச்சிருக்கறவங்களுக்குச் சுருக்கமா: டி டியான் ஆக்சில் (பின் வீல் ரெண்டையும் ஒரே குழாயால இணைக்கற அமைப்பு) உள்ள கேட்டர்ஹம்ல கீழ இருக்கற ஏ ஃப்ரேம் புஷ் தேயும், த்ராட்டில் விட்டுப் பிடிச்சா டங்குனு ஒரு சத்தம் வந்தா முதல்ல அங்க பாருங்க. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் ரெண்டு தலைமுறையில அலைன்மென்ட் வைக்கற எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினா வீல் கோணம் மாறற போல்ட்) ட்ராக்ல நழுவும், அதுலயும் பெயின்ட் கோடு போடுங்க.

புது லிங்க் மாட்டும்போது ஸ்டட்டோட கூம்பு வடிவ டேப்பர் உக்கார்ற இடத்தைச் சுத்தமா துடைங்க, அங்க க்ரீஸ் தடவக் கூடாது, நைலாக் நட்டை (உள்ள நைலான் வளையம் வச்ச நட்) ரெண்டாவது முறை பயன்படுத்தாதீங்க, சர்வீஸ் புக்ல போட்டிருக்கற டார்க்ல டைட் பண்ணுங்க. விஷ்போனைக் கழட்டியிருந்தா ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில நிக்கற உயரத்துலதான் கடைசியா டைட் பண்ணணும், தொங்க விட்டு டைட் பண்ணினா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும். அலைன்மென்ட் முடிஞ்சு வந்ததும் லிங்க்ல இருக்கற லாக் நட்டை நீங்களே ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்க, அங்க லூசா விட்டு அனுப்பறது நிறைய நடக்குது. முதல் செஷன் முடிஞ்சு வண்டி ஆறினதும் எல்லாத்தையும் இன்னொரு தரம் டார்க் ரெஞ்சால செக் பண்ணுங்க. ஏதாவது ஒரு நட் கொஞ்சமா நகர்ந்திருந்தாலும் காரணம் தெரியற வரைக்கும் அடுத்த செஷனுக்குப் போகாதீங்க. பிராக்கெட்ல விரிசல் தெரிஞ்சா வீட்டுக்கு ஓட்டிட்டும் போகாதீங்க, ட்ரெய்லர்ல ஏத்துங்க.