கேள்வி நேரம்: உப்புக் காற்றில் வளர்ந்தவர்களும் மெல்போர்ன் வெயிலும்

கேள்வி: மகன் மெல்போர்னில் இருக்கிறான். ஜனவரியில் போகிறோம். ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் பார்க்க ஒரு நாளுக்கு கிரவுண்ட் பாஸ் (வளாகத்துக்குள் போய் வெளிக்களங்களில் ஆட்டம் பார்க்கும் சீட்டு) எடுத்திருக்கிறான். ‘வெயில் தாங்குவீங்களா அம்மா?’ என்று தினமும் போனில் கேட்கிறான். நாற்பது வருடமாகக் கடற்கரை வெயிலில் கிடக்கிற எங்களுக்கு அது ஒரு வெயிலா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: மகன் பயப்படுவது சரிதான் அம்மா. 2014 ஜனவரியில் இதே கேள்வியை நான் என் மகளிடம் கேட்டேன். நான் வாலிநோக்கத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. நானும் முப்பது வருடம் விசிலோடு பள்ளி மைதானத்தில் நின்றிருக்கிறேன்.

அந்த வாரம் மெல்போர்னில் நான்கு நாள் தொடர்ந்து 41 டிகிரிக்கு மேல். நாங்கள் போனது மூன்றாம் நாள், 16ஆம் தேதி. காலையில் ஒரு சின்ன களத்தில் வேலியை ஒட்டியே இடம் கிடைத்தது. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் சர்வீஸ் போடுகிறவரின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. ரவிக்கை முதுகில் ஒட்டவில்லை, புடவையில் ஈரம் இல்லை. நம் ஊரில் ஆனி மாதம் அரைமணி நேரம் நின்றாலே துணியைப் பிழியலாமே! ‘வியர்க்கவே இல்லை’ என்று மகளிடம் சொல்லிக்கொண்டே கன்னத்தைத் துடைத்தேன். விரலில் நறநறவென்று உப்பு.

வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கடும் வெயில் நாட்களில் அங்கே காற்று வடக்கே உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து வருகிறது, அதில் ஈரமே கிடையாது. அப்படி வறண்ட காற்று அடித்தால் பாத்தித் தண்ணீர் சீக்கிரம் சுண்டி உப்பு விளையும் என்று அப்பா சந்தோஷப்படுவார். அன்று என் உடம்பிலும் அதுதான் நடந்தது. எழுந்தபோது கண் இருட்டி, மகள் பிடித்துக்கொண்டாள். நம் ஊரில் நனைந்த துணியே தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடும். அங்கே அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள். கேம் நடுவில் எழுந்து போக முடியாது, பாட்டிலை நிரப்பிக்கொண்டு உட்காருங்கள்.

அன்று மதியம் வெளிக்களங்களில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மாலையில்தான் மறுபடி தொடங்கியது. மூடித் திறக்கும் கூரையுள்ள ராட் லேவர் அரங்கில் ரஷ்ய வீராங்கனை ஷரபோவா ஆட்டம் மட்டும் திறந்த வெயிலில் ஓடிக்கொண்டே இருந்தது. தொடங்கிய செட் முடிந்த பிறகுதான் கூரையை மூடலாம் என்பது அப்போதைய விதி. 6–6 என்று சமமானால் செட்டைச் சீக்கிரம் முடிக்கும் டைபிரேக்கும் கடைசி செட்டுக்குக் கிடையாது. அது 10–8 வரை போனது. மொத்தம் 3 மணி 28 நிமிடம். நாங்கள் வெளியே பெரிய திரையில் பார்த்தோம். தோற்ற இத்தாலிப் பெண் கரின் நாப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

2019இலிருந்து கடைசி செட்டுக்கும் டைபிரேக் வந்துவிட்டது. காற்றின் சூடு, வெயிலின் நேரடிச் சூடு, ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் சேர்த்து 1 முதல் 5 வரை அளக்கிறார்கள். 5ஐத் தொட்டால் வெளிக்களங்களில் ஆட்டம் நிற்கும். பார்க்க வந்தவர்களை அப்படி யாரும் அளப்பதில்லை, நாம்தான் நம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், அகலத் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். உச்சிப் பொழுதில் கூரையுள்ள ஜான் கெய்ன் அரங்குக்குப் போய்விடுங்கள். அப்புறம், பையில் ஒரு ஸ்வெட்டர். தெற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. நம் பக்கம் பார்க்க வழி உண்டா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் ஆண்கள் போட்டி நடந்தது. பிறகு அது புனேக்குப் போனது, 2023க்குப் பிறகு அங்கேயும் இல்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. பெண்களுக்கான சென்னை ஓப்பன் 2022இலும் 2025இலும் அங்கேயே நடந்தது. அடுத்த அறிவிப்பு வந்ததும் சேது எக்ஸ்பிரஸில் இடம் போட்டுவிடுங்கள். அங்கே அடிப்பது நமக்குத் தெரிந்த வெயில். துண்டு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.